“லிமிட்டுக்குள்தானே இருக்கு சேர்?”



நீண்ட பதிவு இது. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வாசிக்காமல் லைக் போட வேண்டாம், வாசிக்காமல் ஏசவும் வேண்டாம்.

போன வாரம் எங்கள் தரம் 10 பெற்றார் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்தத் திகதியில் பேசியது, ஒன்றும் இல்லை. “ஜப்பான்காரன் அணுத் தண்ணியக் கடல்ல ஊத்திட்டான், இனி டின்மீன் வாங்காதீங்க, புள்ளைகளுக்குக் குடுக்காதீங்க, கேன்சர் நிச்சயம், பத்துப் பேருக்கு அனுப்புங்க.” கால் மணிநேரத்தில் அதற்குக் கீழே வரிசையாக அழுகை முகங்கள். ஒரு உம்மா, “வீட்டில இருந்த ரெண்டு டின்னையும் வீசிட்டேன்” என்று எழுதியிருந்தார். இன்றைய விலையில் இரண்டு டின்!

கொஞ்ச நேரத்தில் குழுவில் இருக்கும் படித்த தந்தை ஒருவர் பதில் போட்டார். “பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் சர்வதேச லிமிட்டுக்கு உள்ளேதான் இருக்கு. விஞ்ஞானிகள் சொல்லிட்டாங்க.” அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். குழு அமைதியாகிவிட்டது. பிறகு அவரே தனியாக எனக்கும் எழுதினார்: “லிமிட்டுக்குள்தானே இருக்கு சேர்? நீங்க கணக்கு வாத்தியார், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

சொல்கிறேன். அந்த இரண்டு செய்திகளுமே எனக்குக் கோபத்தைத் தந்தன. முதலாவது பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2023 ஓகஸ்ட் 24ஆம் திகதி புகுஷிமாவிலிருந்து கடலில் விடத் தொடங்கிய நீரில், சுத்திகரித்த பிறகும் பிரிக்க முடியாமல் இருப்பது முக்கியமாக திரிதியம். அதை ஒரு லீற்றரில் 1,500 பெக்கரலுக்குக் கீழே வரும்வரை கடல்நீர் கலந்து விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கே சொல்லும் வழிகாட்டல் அளவு 10,000. ஒரு பெக்கரல் என்றால் ஒரு செக்கனுக்கு ஓர் அணு சிதைவது. பயப்படுத்தும் எண்ணாகத் தெரியலாம். ஆனால் உங்கள் உடம்பிலேயே இந்த நிமிடத்தில் சுமார் 4,000 பெக்கரல் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் பதினைந்தளவு இருக்கிறது. அல்லாஹ் படைத்த மண்ணில் இருப்பதுதான் அது. ஆகவே அந்த டின்னை வீச வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த டின்னைத் திருப்பிப் பார்த்திருந்தால் அது எந்த நாட்டு மீன் என்றாவது தெரிந்திருக்கும்.

அதே 2023 மே மாதம், அதே அணு உலையின் துறைமுகத்துக்குள்ளே பிடித்த ஒரு பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் சீசியம் இருந்தது என்பதும் உண்மை. ஜப்பானின் சட்ட எல்லையைப் போல 180 மடங்கு. அது சந்தைக்கு வரும் மீன் அல்ல, மூடப்பட்ட துறைமுகத்து மீன். ஆனாலும் “ஒன்றுமே இல்லை” என்று சொல்கிறவர்கள் இந்த மீனைப் பற்றிப் பேசமாட்டார்கள். “எல்லாமே விஷம்” என்று சொல்கிறவர்கள் இதைத் தவிர வேறெதையும் பேசமாட்டார்கள்.

இப்போது லிமிட்டுக்கு வருவோம். எந்த லிமிட்? யார் போட்டது? யாருடைய வயிற்றை நினைத்துப் போட்டது?

சீசியத்தை எடுங்கள். அணு விபத்துக்குப் பிறகு உணவில் நீண்டகாலம் நின்று தொல்லை கொடுப்பது அதுதான். அரைவாழ்வு 30 வருடம். சாதாரண உணவில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு இருக்கலாம்? ஜப்பானில் 100 பெக்கரல். உலக உணவு வர்த்தகத்துக்கு வழிகாட்டும் கோடெக்ஸ் அமைப்பின் எண் 1,000. அமெரிக்காவில் 1,200. ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த விபத்துக்கென்று எழுதி வைத்திருப்பது 1,250. நோர்வேயில் கலைமான் இறைச்சிக்கு ஒரு காலத்தில் 6,000.

அதே அணு, அதே கதிர். ஆனால் அறுபது மடங்கு வித்தியாசம். இதில் எதற்கு “உள்ளே” இருந்தால் என் மாணவன் பாதுகாப்பாக இருக்கிறான்?

விஞ்ஞானிகள் ஆளுக்கொரு விதமாகக் கணக்குத் தெரியாமல் போட்டதல்ல இது. கணக்கு எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வருடத்தில் ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிடுகிறான், அதில் எத்தனை வீதம் மாசுபட்டது, அதனால் அவனுடைய உடம்புக்கு எவ்வளவு கதிர் போகும். பெருக்கல், வகுத்தல். தரம் 8 பிள்ளை செய்யும். வித்தியாசம் வருவது நடுவில் இருக்கும் அந்த “எத்தனை வீதம்” என்ற இடத்தில். அதை எந்தக் கருவியும் அளந்து தருவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் எடுக்கும் முடிவு அது.

ஜப்பான் என்ன செய்தது பாருங்கள். 2011 மார்ச் 11 சுனாமி. 17ஆம் திகதியே அவசர எண்கள் வந்தன: மரக்கறி, அரிசி, இறைச்சி, மீனுக்கு 500, பாலுக்கும் குடிநீருக்கும் 200. அவசரத்தில் போட்டது. மக்கள் சும்மா இருக்கவில்லை, முக்கியமாகத் தாய்மார். 2012 ஏப்ரல் 1 முதல் புதிய எண்கள்: பொது உணவுக்கு 100, பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10.

அந்த 100 எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வருடத்துக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். நாட்டில் சாப்பிடும் உணவில் பாதி மாசுபட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு வயது வயதாக, ஆண் பெண் என்று பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 460 வந்தது. வளர்ந்த ஆணுக்கு 130. எல்லாவற்றிலும் குறைந்த எண் யாருக்கு வந்தது தெரியுமா? 13 முதல் 18 வயது ஆண் பிள்ளைகளுக்கு. 120. ஏன்? அந்த வயதில்தான் அவன்கள் எல்லாரையும் விட அதிகமாகச் சாப்பிடுகிறான்கள்! வீட்டில் அந்த வயதில் ஒருவன் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த 120ஐ இன்னும் குறைத்து, 100 என்று நாட்டுக்கே பொதுவாக வைத்தார்கள். பசியோடு வீட்டுக்கு வரும் ஒரு பதினாறு வயதுப் பையனை மனதில் வைத்துப் போட்ட லிமிட் அது.

பாலுக்கும் குழந்தை உணவுக்கும் இன்னும் ஒரு படி போனார்கள். அங்கே பாதி என்று எடுக்கவில்லை, முழுவதும் மாசுபட்டது என்று எடுத்தார்கள். குழந்தைக்குப் பால்தான் சாப்பாடு, அது ஒரே இடத்திலிருந்து வரலாம், தப்பிக்க வேறு உணவு இல்லை. அதனால் 100 பாதியாகி 50 ஆனது.

இப்போது கோடெக்ஸின் 1,000ஐ எடுங்கள். அவர்களுடைய எல்லையும் அதே 1 மில்லிசீவேர்ட்தான். ஒரு வருடத்தில் வளர்ந்தவர் 550 கிலோ உணவு, குழந்தை 200 கிலோ. ஆனால் அதில் மாசுபட்ட பகுதி வெறும் பத்து வீதம் என்று வைத்துக்கொண்டார்கள். ஏன் பத்து? மாசுபட்ட நாட்டிலிருந்து இறக்குமதியாவது உங்கள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், மீதியைச் சொந்த நாட்டில் விளைவித்துக்கொள்வீர்கள் என்ற எடுகோள். அப்படிப் போட்டால் குழந்தைக்கு 0.4 மில்லிசீவேர்ட், வளர்ந்தவருக்கு 0.7. சரி, எல்லைக்குள். கையெழுத்து.

இலங்கையில் ஒரு சின்னப் பிள்ளையின் பாலில் பத்து வீதமா இறக்குமதி? சிரிப்பு வருகிறது. பாக்டரியிலிருந்து பால் லொறி வரும் ஊர்க்காரர்கள் விதிவிலக்கு. எங்கள் பக்கம் பால் என்றாலே பால்மா. பால்மா என்றாலே கப்பலில் வருவது. 2013இல் நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி என்ற ஒரு இரசாயனம் இருப்பதாகக் கதை வந்தபோது கடைத்தெருவே கலங்கியது ஞாபகம் இருக்கிறதா? ஏன் கலங்கியது? கைநீட்ட வேறு பால் இருக்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது பால்மா வரிசையில் நின்றவர்களுக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே கோடெக்ஸின் கணக்கை நம் குழந்தைக்காகத் திருப்பிப் போடுங்கள். அதே 200 கிலோ, ஆனால் பத்து வீதத்துக்குப் பதில் முழுவதும். பதில் 0.4 அல்ல, 4க்கு மேல். அவர்களே வைத்த எல்லையை நான்கு மடங்கு தாண்டிவிட்டது. ஆனால் பக்கெட்டில் ஒட்டப்படும் முத்திரை என்ன சொல்லும்? “சர்வதேச லிமிட்டுக்கு உள்ளே.” பொய்யும் இல்லை.

4 மில்லிசீவேர்ட்டில் குழந்தை செத்துவிடுமா என்று கேட்பீர்கள். இல்லை. உலகத்தில் சராசரி மனிதன் இயற்கையிலேயே வருடத்துக்கு 2.4 வாங்குகிறான். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் அதைவிட அதிகம். நான் உங்களைப் பயப்படுத்த வரவில்லை. 1 என்பதுதான் எல்லை என்று அவர்களே சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைக்கு 4 போகும் எண்ணை எங்கள் கையில் தந்தால், அதைக் கேள்வி கேட்பது பயமா, கணக்கா?

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் வாசித்தபோது கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அந்த எண் தூளுக்கு அல்ல. கரைத்துக் குடிக்கத் தயாராக இருக்கும் பாலுக்கு. உலர்ந்த உணவுக்கு அப்படியே பொருந்தாது என்று கோடெக்ஸ் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஒரு கிலோ தூளில் எட்டு லீற்றரளவு பால் கரைக்கலாம் என்று வையுங்கள். அப்படியென்றால் துறைமுகத்தில் இறங்கும் தூளில் கிலோவுக்கு 8,000 பெக்கரல் இருந்தாலும் அது “உள்ளேதான்”.

கற்பிட்டிக்காரனுக்கு இதை விளக்குவது சுகம். கருவாடு போடுகிறவர்கள் நாங்கள். பச்சை மீனை வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்தால் பாரம் எவ்வளவு குறையும் என்று வாடியில் வேலை செய்கிற எந்தப் பொடியனும் சொல்வான். தண்ணீர்தான் போகிறது, மீனுக்குள் இருந்த மற்றது எல்லாம் உள்ளேயே நிற்கிறது. பச்சை மீனுக்கு ஒரு எண், கருவாட்டுக்கு ஒரு எண், இரண்டையும் குழப்பினால் யாரோ ஏமாறுகிறார். ஜப்பானில் தேயிலைக்கு இதே சண்டை வந்தது. 2011இல் பச்சைக் கொழுந்துக்கும் காய்ந்த தூளுக்கும் ஒரே 500தான் என்று அரசாங்கம் சொல்ல, தோட்டக்காரர்கள் “காய்ந்தால் செறிவு கூடும், நாங்கள் குடிப்பது சாயத்தைத்தானே” என்று சண்டை பிடித்தார்கள். ஷிசுவோக்காவிலிருந்து போன பச்சைத் தேயிலையை பாரிஸ் விமான நிலையத்தில் அளந்தபோது 1,000க்கு மேல் வந்தது. அடுத்த வருடம் சாயத்துக்கென்று தனியாக எண் வைத்தார்கள். தேயிலைக்காரர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. சொல்ல வருவது, எதை அளந்தார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் கேட்டுத் தலையாட்ட முடியாது என்பதுதான்.

கோடெக்ஸ்காரர்களைத் திட்ட வேண்டாம். தங்கள் எடுகோள் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது, பொருந்தாத இடத்தில் அந்தந்த அரசாங்கம் தன் மண்ணில் வேறு எண் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. நாங்கள் உள்ளே போகவில்லை என்றால் யார் தவறு?

லிமிட் என்பது எவ்வளவு மனித வேலை என்று பார்க்க வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் போதும். 1957 ஒக்டோபரில் இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேலில் அணு உலை தீப்பிடித்தது. பக்கத்துப் புல்லில் அயடீன் விழுந்தது, மாடு மேய்ந்தது, பாலில் வந்தது. பாலில் எவ்வளவு இருக்கலாம்? அதற்கென்று எண் எதுவும் கையில் இல்லை! ஓரிரு நாளில் உட்கார்ந்து போட்டார்கள். ஒரு லீற்றருக்கு இன்றைய அளவில் 3,700 பெக்கரல். 500 சதுர கிலோமீற்றர் பரப்பில் பாலைக் கொட்டினார்கள். அவசரத்தில் செய்ததென்றாலும் அந்த மனிதர்களை நான் மதிக்கிறேன். அதே விபத்தின் விசாரணை அறிக்கையை முழுதாக வெளியிடாமல் அமுக்கியது அன்றைய பிரதமர் மக்மில்லன். அவரை மதிக்கவில்லை.

1986 ஏப்ரல் 26, செர்னோபில். போலந்துக்கு மொஸ்கோ ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் அளவீட்டு நிலையங்களில் ஊசி ஏறியதைத் தாங்களே கண்டுபிடித்து, 29ஆம் திகதியே பிள்ளைகளுக்கு அயடீன் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பச்சைப் பாலுக்குப் பதிலாகச் சிறு பிள்ளைகளுக்குப் பால்மா. எல்லைக்கு அந்தப் பக்கம், பெலாரஸிலும் உக்ரைனிலும், கிராமத்துப் பிள்ளைகள் வழக்கம் போல மாட்டுப் பால் குடித்தார்கள். யாரும் நேரத்துக்குச் சொல்லவில்லை. அயடீனின் அரைவாழ்வு எட்டே நாள். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். சிறுவயதில் அதற்கு உட்பட்டவர்களில் 2005க்குள் 6,000க்கு மேற்பட்டவர்களுக்குத் தைரொய்ட் புற்றுநோய் வந்தது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால் காரணம் என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழுவே சொல்கிறது. பெரும்பாலானோர் சிகிச்சையில் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். கழுத்தில் வெட்டுத் தழும்போடு, வாழ்நாள் முழுக்க மாத்திரையோடு.

அதே வருடம் நோர்வே. மழையோடு சீசியம் மலையில் இறங்கியது, பாசியைத் தின்னும் கலைமானில் ஏறியது. முதலில் 600 என்று வைத்தார்கள். அந்த எண்ணில் நின்றால் கலைமானை நம்பி வாழும் சாமி மக்களின் பிழைப்பு முடிந்தது. நவம்பரில் 6,000 ஆக்கினார்கள். பத்து மடங்கு. 1994இல் 3,000க்கு இறக்கினார்கள். சாதாரண நோர்வேக்காரன் வருடத்தில் எப்போதாவது ஒரு துண்டு கலைமான் இறைச்சி சாப்பிடுபவன், அவனுக்கு 6,000 ஒன்றும் செய்யாது என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் கிழமை முழுக்க அதையே சாப்பிடும் சாமி வீட்டுக்கு? அவர்களுக்கு வேறு ஆலோசனை, சுத்தமான தீவனம், பிரஷ்யன் நீலம் கலந்த உப்புக்கட்டி, நட்டஈடு என்று தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. செய்தார்கள், பாராட்டுவோம். பரீட்சை முடிந்து விடைத்தாளைப் பார்த்த பிறகு சித்திப் புள்ளியை மாற்றும் வேலைதான் அது, ஆனால் ஏன் மாற்றினோம் என்று வெளியே சொல்லிவிட்டு மாற்றினார்கள்.

துருக்கியில் அதுவும் இல்லை. கருங்கடல் கரையில் ரீஸேயின் தேயிலையில் சீசியம். வர்த்தக, கைத்தொழில் அமைச்சர் ஜாஹித் ஆரால் கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்து தேநீர் குடித்துக் காட்டினார். ஒன்றுமில்லையாம்! பிறகு பல்லாயிரம் தொன் தேயிலையை அழிக்க வேண்டி வந்தது. நம் நாட்டிலும் ஒரு பிரச்சினை வந்தால் முதலில் கெமராவோடு சாப்பிட்டுக் காட்டுவார்களே, அந்த வித்தை நமக்குச் சொந்தமானது என்று நினைத்திருந்தேன்.

பிரித்தானியாவில் ஆட்டுக்கு. 1986 ஜூனில் ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோகத் தடை போட்டபோது மூன்று கிழமைதான் என்றார்கள். வேல்ஸ் மலைகளில் கடைசித் தடை நீங்கியது 2012இல். இருபத்தாறு வருடம்.

ஐரோப்பா 2011இல் செய்தது இன்னும் வேடிக்கை. புகுஷிமா நடந்தவுடன், முன்பே எழுதி வைத்திருந்த அந்த 1,250ஐ ஜப்பானிய உணவுக்கு அமுல்படுத்தினார்கள். அதாவது ஜப்பானில் விற்க முடியாத, 500ஐத் தாண்டிய பொருளுக்கு ஐரோப்பாவில் இடமிருந்தது! நுகர்வோர் அமைப்புகள் கத்தின. சில கிழமைக்குள் ஜப்பானின் எண்ணுக்கே இறங்கி வந்தார்கள். கத்தியதால் வந்தார்கள். ஆனால் அடுத்த விபத்துக்கான 1,250 இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

விபத்து இல்லாத நாளில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு எண், விபத்து நடந்தால் இன்னொரு பெரிய எண். இதற்கு ஒரு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் எல்லா உணவையும் தடைசெய்தால் பஞ்சம் வரும். பட்டினி கதிரியக்கத்தை விட வேகமாகக் கொல்லும். ஆனால் அந்தத் தெரிவைச் சாப்பிடுகிறவனிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். “உங்களுக்கு வேறு உணவு இல்லாததால் எல்லையை உயர்த்துகிறோம், இத்தனை மாதத்துக்கு” என்று சொன்னால் எந்த உம்மாவுக்கும் விளங்கும். “லிமிட்டுக்கு உள்ளே, பயம் வேண்டாம்” என்றால் அது அவளைப் பிள்ளை மாதிரி நடத்துவது.

“இதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் பாடு, நமக்கு ஏன்?” என்று கேட்பவர்கள் கற்பிட்டிக் கடற்கரைக்கு வந்து மேற்கே பாருங்கள். நேரே கடலுக்கு அந்தப் பக்கம், 225 கிலோமீற்றரளவில், கூடங்குளம். ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் கட்டுகிறார்கள். இடிந்தகரை மீனவர்கள் மாதக்கணக்கில் கடற்கரையில் உட்கார்ந்து போராடியதை நம்மில் பலர் டீவியில் பார்த்துவிட்டு சனலை மாற்றினோம். அந்த உலைகள் செர்னோபில் மாதிரி உலைகள் அல்ல, தடித்த கூட்டுக்குள் இருப்பவை. நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்காமல் இருக்க துஆ செய்கிறேன். ஆனால் ஜப்பான்காரனும் நடக்கும் என்று நினைத்துக் கட்டவில்லை.

அப்படி ஒன்று நடந்தால் எங்கள் மீன்? சாமி வீட்டுக்குக் கலைமான் எப்படியோ, கற்பிட்டி வீட்டுக்கு மீன் அப்படி. காலையில் மீன், பகலில் மீன், இரவில் காலையில் ஆக்கிய மீன். கொழும்பில் கிழமைக்கு இரண்டு நாள் மீன் வாங்குகிறவரின் சராசரியை வைத்துப் போடும் எண் எங்கள் வீட்டுக்கு ஆகாது. கருவாட்டுக்கு எந்த எண்? அதை யார் அளப்பது, எங்கே அளப்பது, மீனை விற்க முடியாத படகுக்காரனுக்கு யார் நட்டஈடு கொடுப்பது? நுரைச்சோலையில் நிலக்கரி வந்தபோது இந்தக் கேள்விகளை நேரத்துக்குக் கேட்காமல் பிறகு சாம்பலைப் பற்றிப் புலம்பிய ஊர்க்காரன் நான்.

நமது நாட்டில் அணுசக்தி அதிகாரிகள் இருக்கிறார்கள், அளக்கும் கருவி இருக்கிறது, செர்னோபிலுக்குப் பிறகு இறக்குமதிப் பால்மாவைச் சோதிக்கவும் செய்தார்கள். அதனால் எனது சண்டை அவர்களோடு அல்ல. நான் கேட்பது இவ்வளவுதான். அணு விபத்து ஒன்று நடந்தால் இந்த நாட்டில் பால்மாவுக்கு எந்த எண், மீனுக்கு எந்த எண், கருவாட்டுக்கு எந்த எண், அதில் நம் பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டீர்கள், எத்தனை வீதம் இறக்குமதி என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதை, விபத்துக்கு முன்னாலேயே, தமிழிலும் சிங்களத்திலும், ஒரு பெற்றாருக்கு விளங்கும் விதமாக எழுதி, எங்கள் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டக்கூடிய ஒரு தாளில் தாருங்கள். என் மாணவர்களின் பெற்றாரில் ஒருவருக்காவது இன்று அது தெரியுமா என்று குழுவில் கேட்டுப் பார்த்தேன். ஒரு பதிலும் இல்லை. எனக்கும் தெரியாது என்பதால்தான் கேட்டேன்.

“எண்ணைக் குறைத்தால் பால்மா விலை ஏறும் சேர்” என்று ஒருவர் சொன்னார். ஏறலாம். ஜப்பானில் எண்ணைக் குறைத்தபோது விவசாயிகளும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2011 ஒக்டோபரில் புகுஷிமா ஆளுநர் எங்கள் அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஓர் ஊரின் அரிசியில் 630 வந்தது. அவ்வளவுதான், யாரும் புகுஷிமா அரிசியைத் தொடவில்லை. அறிவிப்பு சோறு போடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்த மாகாணத்தின் ஒவ்வொரு அரிசிப் பையையும் கருவியில் போட்டார்கள். மாதிரிக்கு ஒன்றிரண்டு அல்ல, எல்லாப் பையும், வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி பை. முதல் வருடம் 71 பை 100ஐத் தாண்டியது. 2015 விளைச்சலிலிருந்து ஒன்றும் தாண்டவில்லை. ஒரு பைக்கு ஒரு ஸ்டிக்கர். அந்த விவசாயியைக் காப்பாற்றியது கடுமையான எண்ணும் அதை அளந்து காட்டியதும்தான்.

அந்தத் தந்தைக்கு நான் எழுதிய பதில் இது: “டின்மீன் சாப்பிடலாம் சேர், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் லிமிட் என்று நீங்கள் எழுதியது எந்த லிமிட் என்று கேட்டுச் சொல்லுங்கள்.” இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

தரம் 10க்கு இந்தக் கிழமை வீதமும் விகிதமும் படிப்பிக்கிறேன். கடைசிக் கேள்வியாக, ஒரு குழந்தை வருடத்துக்கு 200 கிலோ பால் குடிக்கிறது, அதில் பத்து வீதம் மாசுபட்டால் 0.4, நூறு வீதம் மாசுபட்டால் எவ்வளவு என்று கொடுத்திருக்கிறேன். இன்றிரவு பிள்ளை கொப்பியோடு வந்து உங்களிடம் உதவி கேட்டால், விடையை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம். நம்ம வீட்டுப் பாலில் எத்தனை வீதம் பக்கெட்டிலிருந்து வருகிறது என்று அதோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.